வாசல்ல மறிக்கப்பட்ட சாமியார்

கால்பந்து ரசிகன்னாலே குடி, கூச்சல், அடிதடின்னு நினைக்கிற ஆளா நீங்க? 1909-ல ஜெர்மனியில ஒரு சாமியாரும் அப்படித்தான் நினைச்சார்.

ஊர் டார்ட்மண்ட். போர்சிக்பிளாட்ஸ்னு இரும்பாலைத் தொழிலாளிகள் பேட்டை. பிழைப்பு தேடி வந்த போலந்துக் குடும்பங்களும் நிறைய. அங்கிருந்த கத்தோலிக்கக் கோயிலோட இளைஞர் சபைப் பசங்களுக்குப் பந்துப் பைத்தியம். ஹூபெர்ட் டேவால்ட்ங்கிற உதவிப் பங்குத்தந்தைக்கோ அது முரட்டு ஆட்டம், ஆகவே ஆகாது. டிசம்பர் 19, ஞாயித்துக்கிழமை. பசங்க ஒரு மதுக்கடையில கூடிப் பேசுறாங்க. கலைச்சு விட நேர்லயே வந்துட்டார் சாமியார். வாசல்லயே மறிச்சுட்டாங்க! கடைசிவரைக்கும் நின்ன 18 பேர் ஆரம்பிச்சதுதான் போருசியா டார்ட்மண்ட் கிளப்.

(எல்லா ஊர்லயும் இப்படி இல்லை. எவர்டன், சவுத்தாம்ப்டன், மான்செஸ்டர் சிட்டி எல்லாமே சர்ச் பெத்த பிள்ளைங்கதான். கிளாஸ்கோவில வால்ஃப்ரிட்ங்கிற துறவி 1887-ல செல்டிக் கிளப்பை ஆரம்பிச்சதே ஏழைக் குழந்தைங்களுக்குச் சோறு போடத்தான்.)

இப்போ நேரா 2017, ஏப்ரல் 11. சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. மொனாக்கோவோட ஆட வேண்டிய டார்ட்மண்ட் அணி ஹோட்டல்லேர்ந்து கிளம்பின கொஞ்ச நேரத்துல பஸ் பக்கத்துல குண்டு வெடிச்சுது. மார்க் பார்ட்ராவுக்குக் கையில அடி, அறுவை சிகிச்சை. (கிளப்போட பங்கு விலை சரிஞ்சா லாபம் பார்க்கலாம்னு ஒருத்தன் செஞ்ச வேலை. 2018-ல 14 வருஷம் சிறை.) ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போச்சு. அவ்வளவு தூரம் வந்த மொனாக்கோ ரசிகர்கள் ராத்திரி எங்க போவாங்க?

டார்ட்மண்ட்காரங்க ட்விட்டர்ல "எங்க வீட்ல படுக்க இடம் இருக்கு, வாங்க"ன்னு எழுத ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நேரத்துல முன்பின் தெரியாத வீடுகள்ல மஞ்சள் துண்டும் சிவப்பு வெள்ளைத் துண்டும் ஒரே மேஜையில சாப்பிட்டுக்கிட்டு இருக்கு.

இவங்க ஒண்ணும் தேவதூதர்கள் இல்லை. ரெண்டே மாசம் முன்னாடி லைப்ஸிக் ரசிகர்கள் மேல, குழந்தைங்களோட வந்தவங்கன்னுகூடப் பார்க்காம, கல் எறிஞ்ச கூட்டமும் இதே ஊர்தான். அதுக்குத் தண்டனையா 25 ஆயிரம் பேர் நிக்கிற அவங்க தெற்கு ஸ்டாண்டையே ஒரு ஆட்டத்துக்குப் பூட்டினாங்க. அப்படிப்பட்ட ஊர்ல இப்படி ஒரு ராத்திரிங்கிறதாலதான் எனக்கு இதை மறக்க முடியலை.

ஒரு தடவை வெளியூர்ல ஒரு சர்ச்சுக்குப் போயிருந்தேன். வாசல்ல 'அனைவரும் வருக'ன்னு போர்டு. உள்ளே போய் உட்கார்ந்தா ஒரு அம்மா வந்து, "தம்பி, இது நாங்க வழக்கமா உட்கார்ற இடம்"னாங்க. பின்னாடி போய் உட்கார்ந்தேன். ஆராதனை முடிஞ்சு செருப்பு மாட்டுற வரைக்கும் வேற ஒருத்தரும் பேசலை. அந்த போர்டுல தப்பில்லை. ஆனா டார்ட்மண்ட்காரன் போர்டு வைக்கலை. இன்னைக்கு ராத்திரி இவன் எங்க படுப்பான்னு யோசிச்சான். வந்தவன் நம்ம ஆளான்னு பார்க்கலை. எதிர் அணின்னு தெரிஞ்சேதான் கூப்பிட்டான். விருந்தோம்பலைப் பத்தி சர்ச்சுல எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கேன். ஒண்ணுகூட இந்த ராத்திரி அளவுக்கு உறைக்கலை.

மறுநாள் ஆட்டத்துல டார்ட்மண்ட் 2-3-ன்னு தோத்துப்போச்சு. வீட்ல படுத்து, சாப்பிட்டுட்டுப் போன விருந்தாளிங்க ஜெயிச்சுட்டு ஊருக்குக் கிளம்பினாங்க.