கொல்லாத வாள்

முதலில் ஒரு கடைக்குப் போவோம். டோக்கியோவில் கெண்டோ சாமான்கள் விற்கிற கடை.

கெண்டோ தெரியுமல்லவா? ஜப்பானிய வாள் பயிற்சி. கம்பிக் கூண்டு வைத்த முகமூடி, மார்புக் கவசம், தடித்த கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள். கத்தி முடிப்பதற்குள் ஒருவர் தலையில் ஒருவர் மூங்கிலால் ஒரு போடு போட்டிருப்பார்கள். டிவியில் எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்த மூங்கிலுக்குப் பெயர் ஷினாய்.

கடையில் சுவர் ஓரமாக ஷினாய்களை வரிசையாக நிறுத்திவைத்திருப்பார்கள். வாங்க வருகிற ஆள் என்ன செய்வார்? ஒன்றை எடுப்பார். கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, கோணல் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு கணுவாக விரலால் தடவுவார். பிளாச்சுகளுக்கு நடுவே நகத்தை விட்டுப் பார்ப்பார். பிடியை முழங்கை மடிப்பில் வைத்து, கை எதுவரை எட்டுகிறது என்று அளப்பார். ரெண்டு முறை மெதுவாக வீசிவிட்டுக் கீழே வைப்பார். அப்புறம் அடுத்தது.

நம்மூரில் முற்றல் இல்லாத வெண்டைக்காய் பொறுக்குகிற பாட்டிகள்கூட இத்தனை நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காமர்ஸ் படித்த என் புத்திக்கு இது முதலில் எட்டவே இல்லை. எப்படியும் அடித்து அடித்துச் சில மாதங்களில் தேய்ந்து போகிற சரக்கு. அதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? காரணம் தெரிய வேண்டுமானால் நானூற்றைம்பது வருஷம் பின்னால் போகவேண்டும். வாருங்கள்.

பதினாறாம் நூற்றாண்டு. ஜப்பான் முழுக்கச் சண்டை. ஆளாளுக்கு ஒரு கோட்டை, ஒரு படை. வாள் தெரியாதவனுக்கு வாழ்க்கை இல்லை. சரி, வாளை எப்படிக் கற்றுக்கொள்வது? நிஜ வாளால் பழகினால் ஒரே பாடத்தில் படிப்பு முடிந்துவிடும். ஆயுளும்தான். ஆகவே மரத்தில் வாள் செய்துகொண்டார்கள். கருவேலம் மாதிரி கெட்டியான மரம். ஆனால் அதுவும் லேசுப்பட்டதல்ல. 1612ல் மியாமொடோ முசாஷி என்கிற மாபெரும் வாள்வீரர் ஒரு தீவில் சசாகி கோஜிரோவைச் சந்தித்துக் கொன்றாரே, அவர் கையில் இருந்தது மர வாள்தான். படகுத் துடுப்பைச் செதுக்கி அதைச் செய்துகொண்டார் என்பார்கள். மரமே மண்டையைப் பிளக்கும் என்றால், பழகும்போது எப்படி முழு பலத்தோடு அடிப்பது? அடிக்கிற மாதிரி பாவனை செய்து, தலைக்கு ஓர் அங்குலம் முன்னால் நிறுத்தத்தான் முடியும். அல்லது, இப்படி வந்தால் அப்படித் தடு என்று நடனம் போல ஒத்திகை பார்க்கலாம்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் என்று கமிஇசுமி நொபுட்சுனா என்பவரைச் சொல்கிறார்கள். ஷின்காகே என்கிற வாள் மரபைத் தொடங்கியவர். அவர் செய்தது எளிமையான காரியம். ஒரு மூங்கிலை எடுத்தார். பிடியை விட்டுவிட்டு மீதியைப் பல கீற்றுகளாகப் பிளந்தார். அதை ஒரு தோல் உறைக்குள் நுழைத்தார். உறைக்கு மேலே அரக்குப் பூச்சு. அடித்தால் சுளீரென்று வலிக்கும். வீங்கும். ஆனால் எலும்பு முறியாது. அரக்கு பூசிய தோல் சுருங்கிச் சொரசொரவென்று இருந்ததால் தேரைத் தோல் என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். ஷினாய் என்ற சொல்லே வளைந்து கொடுப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததுதான்.

1563ல் யாக்யு முனெயோஷி என்கிற வீரர், கமிஇசுமி தரப்போடு மோதித் தோற்றார். தோற்றவர் செத்திருக்க வேண்டும். அதுதான் அந்தக்கால வழக்கம். இவரோ எழுந்து நின்று, ஐயா எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று சிஷ்யராகிவிட்டார். பின்னாளில் இந்த முனெயோஷியின் மகன் முனெனோரிதான் தொகுகாவா ஷோகன்களுக்கே வாள் ஆசான். கொல்லாத வாளின் மகிமை புரிகிறதா? தோற்றவன் உயிரோடு இருக்கிறான். எங்கே தப்பு செய்தோம் என்று யோசிக்கிறான். மறுநாள் திரும்பி வருகிறான். கல்வி என்பதே அப்போதுதானே ஆரம்பிக்கிறது?

1603க்குப் பிறகு தொகுகாவா ஆட்சி. இரண்டரை நூற்றாண்டு ஏறக்குறைய அமைதி. சாமுராய்களின் இடுப்பில் வாள் இருந்தது, வேலைதான் இல்லை. சண்டை இல்லாத ஊரில் வாள் பயிற்சி மெல்ல மெல்லச் சடங்காகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சிலர் விழித்துக்கொண்டார்கள். 1711 முதல் 1715க்குள் நகனுமா குனிசாடோ என்பவர் கவசங்களைச் செம்மைப்படுத்தி, ஷினாயால் நிஜமாகவே அடித்துப் பழகும் முறையை நிலைநிறுத்தினார். 1750களில் நகானிஷி சூசோ இரும்புக் கம்பி முகமூடியும் மூங்கில் கவசமும் கொண்டுவந்தார். இனி பாவனை வேண்டாம். அடி, முழு பலத்தோடு அடி.

முழு பலத்தோடு அடித்தால் தோல் உறை மூங்கில் தாங்குமா? தாங்கவில்லை. ஆகவே இன்னொரு மாற்றம். மூங்கிலை நாலே நாலு பிளாச்சுகளாகப் பிளந்து, சீவி, மறுபடி வட்டமாகச் சேர்த்தார்கள். நுனியில் ஒரு தோல் தொப்பி. பிடிக்கு ஒரு தோல் உறை. இரண்டையும் இணைக்க ஓர் இழுத்துக் கட்டிய நூல். நடுவே ஒரு தோல் முடிச்சு. உள்ளே வெறும் காற்று. அடி விழும்போது நாலு பிளாச்சும் விலகி, வளைந்து, அதிர்ச்சியைப் பங்குபோட்டுக்கொள்ளும். இன்று நாம் பார்க்கிற ஷினாய் இதுதான்.

இங்கேதான் ஒரு வில்லங்கம் ஆரம்பித்தது.

உள்ளே காற்று என்றால் எடை குறைவு. எடை குறைவு என்றால் நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். 1830களில் யனகாவா என்கிற தென்பகுதிச் சிற்றரசிலிருந்து ஒயிஷி சுசுமு என்றொருவர் தலைநகர் எடோவுக்கு வந்தார். நல்ல உயரம். அவர் கையில் இருந்த ஷினாயோ ஐந்து ஷாகு மூன்று சுன். நம் கணக்கில் சுமார் 160 சென்டிமீட்டர். நிஜ வாள் பிடியோடு சேர்த்தே ஒரு மீட்டர்தான் இருக்கும். எட்ட நின்றபடியே எதிராளியின் தொண்டையில் ஒரே குத்து. எடோவின் பெரிய பெரிய பள்ளிகளெல்லாம் ஆடிப்போயின. புகழ்பெற்ற ஆசான் சிபா ஷூசாகு, பீப்பாய் மூடியைத் தன் ஷினாய்க்குக் கைக்காப்பாக மாட்டிக்கொண்டு வந்து அவரைச் சமாளித்தார் என்று ஒரு கதையே உண்டு.

சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் யோசித்துப் பாருங்கள். நிஜ வாளை யாரும் அந்த நீளத்துக்குத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. உயிரைக் காப்பாற்ற வந்த கருவி, ஜெயிப்பதற்கான கருவியாக மாறிவிட்டது. ஒருவர் நீட்டினார் என்று எல்லாரும் நீட்ட ஆரம்பித்தார்கள். வியாபாரத்தில் ஒரு கடைக்காரன் எடையில் கைவைத்து லாபம் பார்த்தால் தெரு முழுக்கத் தராசு சாயுமே, அந்த மாதிரி. கடைசியில் அரசாங்கமே தலையிட வேண்டியிருந்தது. 1856ல் ஷோகன் அரசு தொடங்கிய கோபுஷோ என்ற போர்க்கலைப் பள்ளியில் ஷினாயின் நீளத்துக்கு உச்சவரம்பு போட்டார்கள். மூன்று ஷாகு எட்டு சுன். அதாவது சுமார் 115 சென்டிமீட்டர். இன்றைய அளவுகளுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அடுத்த இருபது வருடத்தில் எல்லாம் தலைகீழ். 1868ல் ஷோகன் ஆட்சி போனது. 1876ல் பொது இடத்தில் வாள் அணியவே தடை. சாமுராய்கள் சாதாரண ஆசாமிகளானார்கள். கோபுஷோவில் ஆசானாக இருந்த சகாகிபரா கென்கிச்சி, 1873லேயே டோக்கியோவில் டிக்கெட் போட்டு வாள் சண்டைக் காட்சி நடத்திப் பிழைக்கவேண்டிய நிலைமை. வாள் போனாலும் ஷினாய் பிழைத்தது. 1877 கலகத்தில் வாள் பிடித்த போலிசார் காட்டிய வேகத்தைப் பார்த்துப் போலிஸ் துறை அதைத் தத்தெடுத்தது. 1911ல் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்தது.

அப்புறம் அந்த இருண்ட காலம். ராணுவ வெறி தலைக்கேறியபோது கெண்டோவையும் அதற்குத் தீனி போடப் பயன்படுத்தினார்கள். 1945ல் ஜப்பான் தோற்றது. ஆக்கிரமிப்பு அதிகாரிகள் முதல் வேலையாகப் பள்ளிகளிலிருந்து கெண்டோவை வெளியேற்றினார்கள்.

கெண்டோக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1950ல் ஷினாய் போட்டி என்று புதுப்பெயரில் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். கத்தல் கூடாது. முரட்டுத்தனம் கூடாது. சட்டை, பேன்ட், மெல்லிய கவசம். பார்த்தால் ஐரோப்பிய வாள் விளையாட்டு மாதிரி இருக்கும். கையில்? அதே பழைய கமிஇசுமி பாணி. பிளந்த மூங்கில், மேலே உறை. நானூறு வருடத்துக்கு முன்னால் உயிரைக் காப்பாற்றிய உறை, இப்போது கலையையே காப்பாற்றிக்கொடுத்தது. 1952ல் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் பிறந்தது. 1954ல் ஷினாய் போட்டி அமைப்பு அதில் கலந்துவிட்டது.

சரி, கடைக்குத் திரும்பலாம். அந்த ஆள் இன்னும் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

அவர் தலைக்குள் ஓடுகிற கணக்கு இதுதான். பெரியவர்களுக்கான ஷினாய் 120 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆண்களுக்குக் குறைந்தது 510 கிராம், பெண்களுக்கு 440 கிராம் எடை வேண்டும். நீளத்துக்கு உச்சவரம்பு ஏன் என்று உங்களுக்கே தெரியும், ஒயிஷி சுசுமு உபயம். எடைக்கு ஏன் கீழ்வரம்பு? சீவிச் சீவி இளைக்க வைத்தால் வீச்சு வேகமாகுமே. நுனியின் பருமனுக்கும் கீழ்வரம்பு உண்டு. மெலிந்த நுனி முகமூடிக் கம்பிகளுக்கு நடுவே நுழைந்துவிடும். விதிக்கு மாறான ஷினாயோடு போட்டியில் பிடிபட்டால் எதிராளிக்கு இரண்டு புள்ளி. ஆட்டம் அவ்வளவுதான்.

எடை சரி, பாரம் எங்கே இருக்கிறது? பிடிக்குப் பக்கத்தில் வயிறு பெருத்த வகை இருக்கிறது. பாரம் கைப்பக்கம் வருவதால் வேகமாகத் திரும்பும். போட்டிக்காரர்களின் செல்லம். மெலிந்து நீண்ட இன்னொரு வகையில் பாரம் முன்பக்கம். கைக்கு உழைப்பு அதிகம். நிஜ வாளின் நினைவு கொஞ்சம் வரும். புதிதாகச் சேருகிறவர்கள் வாத்தியாரைக் கேட்டுக்கொண்டு வாங்குவது உத்தமம்.

பார்க்க உருண்டைக் கழியாக இருந்தாலும் இதற்கு முதுகும் கூரும் உண்டு. நூல் ஓடுகிற பக்கம் முதுகு. அதற்கு எதிர்ப்பக்கத்தால், அதுவும் நடு முடிச்சிலிருந்து நுனி வரைக்குமான பகுதியால் அடித்தால்தான் புள்ளி.

இதெல்லாம் வசதிக்கும் வெற்றிக்கும். கணுவைத் தடவியதும் பிளாச்சு நடுவே நகத்தை விட்டதும் வேறு விஷயத்துக்கு. மூங்கில் காய்ந்தால் சிலாம்பு கிளம்பும். பிளாச்சு விரிந்தாலோ, நுனித் தோல் கிழிந்தாலோ, அடிக்கிற வேகத்தில் ஒரு துண்டு முகமூடிக் கம்பி தாண்டிக் கண்ணுக்குள் போய்விடும். கவசம் எத்தனை கனமாக இருந்தாலும் கண் முன்னால் இடைவெளி வேண்டுமல்லவா? அதனால்தான் எண்ணெய் தடவுகிறார்கள். முளைத்த சிலாம்பைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன்னால் தடவிப் பார்க்கிறார்கள். கார்பன் இழையில் செய்த ஷினாயெல்லாம் வந்துவிட்டது. விலை பல மடங்கு. அதையும் தினமும் சோதிக்கத்தான் வேண்டும்.

இப்போது சொல்லுங்கள். நம் பையில் வைத்துக்கொள்கிற சாமானை நமக்காகத்தான் சோதித்து வாங்குவோம். இந்த ஆள் அரைமணி நேரமாகக் கடையில் நின்று சோதிப்பது, நாளைக்குத் தன் எதிரில் நிற்கப்போகிற யாரோ ஒருவருடைய கண்ணுக்காக. அந்த எதிராளியும் வேறேதோ கடையில் இவருக்காக அதையே செய்திருப்பான் என்கிற நம்பிக்கையில்தான் இவர் முகமூடியைக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்குகிறார்.

அரைமணி நேரம் அதிகமில்லை. நிதானமாகவே பார்க்கட்டும்.