காதலைப் பற்றிக் கேளுங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும்

சாதி கடந்து மணம் முடித்து, பாதுகாப்பு கேட்டு வரும் இணையர்களோடு காவல் நிலையங்களில் உட்கார்ந்திருக்கிறேன். "காதல் சோறு போடுமா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை. அந்தக் கேள்வி எதிரே நிற்கும் இணையரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கேட்பவர் யார் என்பதைத்தான் சொல்கிறது. நம் திரைப்படக் கதாபாத்திரங்களுக்கும் இது பொருந்தும்.

1936-ஐ எடுத்துக்கொள்வோம். சாதியை ஒழிக்க அகமணத்தை உடைக்க வேண்டும், ஆனால் அதைத் தடுப்பது சாஸ்திரங்களின் புனிதம் என்று அண்ணல் அம்பேத்கர் எழுதிய உரையை லாகூரில் நிகழ்த்த விடவில்லை. அவரே அதை அச்சிட்டு 'சாதி ஒழிப்பு' நூலாக வெளியிட்டார். பம்பாய் டாக்கீஸின் 'அச்சுத் கன்யா' வந்ததும் அதே ஆண்டில்தான். ரயில்வே கேட் காவலாளியின் மகள் கஸ்தூரியும் பிராமணப் பையன் பிரதாப்பும் சேரவில்லை. வேறொருவருக்கு மனைவியான கஸ்தூரி, கணவனுக்கும் பிரதாப்புக்கும் தண்டவாளத்தில் நடக்கும் சண்டையைத் தடுக்க ஓடி ரயிலில் அடிபட்டுச் சாகிறாள். பிறகு அவளுக்குச் சிலை வைக்கிறார்கள். ஆரியமாலாவைக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்ட காத்தவராயன் இன்று நம் ஊர்களில் காவல் தெய்வம். உயிரோடு இருந்தால் சேரி, செத்தால் சாமி. கஸ்தூரிக்குக் காதல் என்றால் தியாகம். அப்படி நினைக்கும்படி அவளைப் படைத்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

1954-இல் வந்த மலையாளப் படம் 'நீலக்குயில்' இன்னும் நேர்மையானது. பள்ளி ஆசிரியர் ஸ்ரீதரன் நாயர் படித்தவர், முற்போக்கானவர். தலித் பெண் நீலியைக் காதலிக்கிறார். அவள் கர்ப்பமானதும் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் வந்துவிடுகிறது. அவளைக் கைவிட்டுத் தன் சாதிப் பெண்ணை மணக்கிறார். பிரசவத்தில் நீலி இறக்க, குழந்தையை எடுத்து வளர்ப்பவர் தபால்காரர் சங்கரன் நாயர். அவரும் அதே சாதிதான். ஸ்ரீதரனுக்குக் காதல் ஒரு உணர்ச்சி. சங்கரனுக்கு அது ஊர்ப் பழியைச் சுமக்கும் பொறுப்பு. இருவருடைய குணமும் அங்கே பிரிந்துவிடுகிறது. ஆனால் நீலி என்ன நினைத்தாள்? அவள் நம்பினாள் என்பதற்கு மேல் நமக்கு அதிகம் தெரியாது.

தமிழில் 1997-இல் வந்த 'பாரதி கண்ணம்மா'வில், பண்ணையார் மகளே விரும்பி வந்தாலும் பாரதி மறுக்கிறான். அவனுக்கு எஜமான விசுவாசம் காதலைவிடப் பெரிது. அவள் இறந்த பிறகு அவள் சிதையில் பாய்கிறான். அறுபது ஆண்டுகள் கழித்தும் சாவதுதான் நமக்குக் கொடுக்கப்பட்ட வசனம்.

2012 நவம்பரில் தருமபுரியில் ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம் உள்ளிட்ட தலித் குடியிருப்புகளை எரித்தார்கள். 'நாடகக் காதல்' என்ற சொல் மேடைகளில் முழங்கிய காலம் அது. அதற்குப் பிறகு வந்த இரண்டு படங்களில்தான் நம் கதாபாத்திரங்கள் வாய் திறந்தார்கள்.

'பரியேறும் பெருமாள்' (2018) பரியன், ஜோவிடம் தனக்கு இருந்தது காதல்தானா என்று கண்டுபிடிக்கக்கூட அவகாசம் கிடைக்காமல் அடி வாங்குகிறான். காதலிக்கும் உரிமைக்கு முன்னால், யோசிக்கும் உரிமையே பறிக்கப்பட்டது என்பதை அவன் புரிந்துகொள்கிறான். கடைசியில் ஜோவின் அப்பாவிடம் பழிவாங்கப் பேசவில்லை. நீங்கள் மாறாதவரை எதுவும் மாறாது என்கிறான். அது பணிவில் வந்த பேச்சு அல்ல.

'நட்சத்திரம் நகர்கிறது' (2022) நாடகக் குழுவில் காதலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. அர்ஜுனுக்கு அது குடும்ப கௌரவம். முற்போக்காளன் இனியனுக்கு எல்லாம் சரிதான், ஆனால் சண்டை என்று வந்தால் சாதி வார்த்தையாக வெளியே வருகிறது. ரெனேவுக்குக் காதல் அரசியல். அவள் யாருக்காகவும் சாகவில்லை. தன்னிடம் அத்துமீறிய அர்ஜுனையும் குழுவிலேயே இருந்து கற்றுக்கொள்ளச் சொல்கிறாள்.

கஸ்தூரியிலிருந்து ரெனே வரை வர 86 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. திரையில் நம் பெண் உயிரோடு நின்று தன் காதலைப் பற்றித் தானே பேசுகிறாள். காவல் நிலையத்தில் நிற்கும் பெண்ணும் அப்படிப் பேச வேண்டும், பேசிவிட்டு உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அதற்கு ஆணவக் கொலைக்கு எதிரான தனிச்சட்டம் வேண்டும்.