முள்வேலிக்குள் பிறந்த இசைக் கூட்டு

வயலின் வித்துவான் நோர்பேட் பிரெய்னின் 1923இல் வியன்னாவிற் பிறந்த யூதர். 1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவைக் கைப்பற்றவே இங்கிலாந்திற் புகலடைந்தார். புகலளித்த நாடே 1940இல் அவரைப் பகைநாட்டவரெனத் தடுப்பு முகாமில் அடைத்தது! ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்தவரையே ஐயுறுவது யுத்தகாலத்து நியாயம் போலும். அம்முகாமிலேதான் பீட்டர் ஷிட்லோவ் என்னும் வியன்னா இளைஞரைக் கண்டார். அவர்மூலம் சிக்மண்ட் நிசெலும் நண்பரானார். தாமும் அகதியான மக்ஸ் ரொஸ்டல் மூவருக்கும் ஊதியம் பெறாது கற்பித்தார்.

மூவரும் வயலின்காரர், நால்வர் குழுவுக்கு வேண்டியதோ இருவரே. ஷிட்லோவ் சற்றுப் பெரிய வியோலாவுக்கு மாறினார். செலோ வாசிக்க இலண்டன்காரரான மார்ட்டின் லவெட் சேர்ந்தார். 1948 ஜனவரி 10இல் விக்மோர் மண்டபத்தில் அமடேயஸ் குழு அரங்கேறியது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆள் மாறவில்லை. 1987இல் ஷிட்லோவ் மறைந்தார். அவரிடத்தில் இன்னொருவரை அமர்த்த மற்ற மூவரும் இசையவில்லை.