மணி அடித்தால் எடுத்தவள்

தொலைபேசியில் தொல்லை தரக் கூடாது என்பது நம் நாட்டில் நெடுநாளாக ஏட்டில் இருக்கும் விதி. 1951ஆம் ஆண்டின் இந்தியத் தந்தி விதிகளில் 427ஆவது அது. யாரையும் தொந்தரவு செய்யவோ எரிச்சலூட்டவோ ஆபாசமாகப் பேசவோ தொலைபேசியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இணைப்பு வாங்கிய சந்தாதாரரே அதன் பயன்பாட்டுக்குப் பொறுப்பு என்றும் சொல்கிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தச் சந்தாதாரர் யார்? பெரும்பாலான வீடுகளில் தாத்தா, அப்பா, அண்ணன். மணி அடித்தால் ஓடிப் போய் எடுத்தவர் யார்? அடுப்படியிலிருந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்த பெண். தொல்லை அழைப்புகளின் வரலாறு இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது.

தொலைபேசியைப் பெண் எடுப்பாள் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கருவி அளவுக்கே பழையது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதலில் இணைப்பகங்களில் வேலை பார்த்தவர்கள் பதின்வயதுப் பையன்கள். அவர்கள் வாடிக்கையாளர்களிடம் மரியாதையில்லாமல் பேசினார்கள் என்பதால் 1878 செப்டம்பரில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். பெண் குரல் பொறுமையானது, எதிர்முனை கத்தினாலும் பதிலுக்குக் கத்தாது என்பது கணக்கு. விரைவிலேயே அது பெண்களின் வேலையாகிவிட்டது. பொறுத்துப் போகும் குரல் என்ற அந்தத் தகுதியை வீடுகளும் சம்பளமில்லாமல் பெண்களிடம் எதிர்பார்த்தன.

இந்தியாவில் 1882 ஜனவரியிலேயே கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் இணைப்பகங்கள் வந்துவிட்டன. ஆனால் சிற்றூர்களுக்குத் தொலைபேசி வர நூறாண்டு பிடித்தது. 1984இல் சி-டாட் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அதன் முதல் ஊரகத் தானியங்கி இணைப்பகம் இயங்கியது. அதன்பின் எஸ்டிடி பூத்துகளின் மஞ்சள் பலகைகள் பேருந்து நிலையங்களில் தொங்கின. 1996இல் மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமானபோது தேனிக்கு 04546, கம்பத்துப் பக்கம் 04554 என்று எண்கள் எங்களுக்கு மனப்பாடம்.

அந்தத் தொலைபேசியில் கூப்பிடுபவரின் எண் தெரியாது. பூத்தில் ஒரு ரூபாய் போட்டால் எவனும் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். பேசாமல் மூச்சு மட்டும் விடுகிற அழைப்பு, பாட்டுப் பாடுகிற அழைப்பு, உடம்பைப் பற்றிப் பேசுகிற அழைப்பு என்று எங்கள் பக்கத்து நடுவயதுப் பெண்கள் வகை பிரித்துச் சொல்வார்கள். அடுத்து வீட்டில் கேட்ட கேள்வியையும் மறக்காமல் சொல்வார்கள்: “ஒன் பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?” திண்ணையில் இருந்த அப்பத்தா முதல் வேலையிலிருந்து திரும்பிய அண்ணன் வரை எல்லாரும் கேட்டது அவளைத்தான். புகார் மனு எழுதலாம் என்றால் இணைப்பு அப்பா பேரில் இருந்தது; கையெழுத்து அவர் போட வேண்டும். அதற்கு, அந்த அழைப்பில் என்ன பேசினான் என்று அவரிடம் சொல்ல வேண்டும். எத்தனை பேரால் முடிந்திருக்கும்? ‘இனிமேல் நீ போன் எடுக்காதே’ என்பதோடு பல வீடுகளில் வழக்கு முடிந்தது.

சட்டம் இந்தக் கூடத்துக்குள் மெதுவாகத்தான் வந்தது. சரிகா ஷாவின் சாவுக்குப் பிறகு 1998இல் தமிழ்நாடு கொண்டுவந்த ஈவ்டீசிங் தடைச் சட்டம் கல்லூரி, கோயில், பேருந்து நிறுத்தம், சாலை, திரையரங்கு, கடற்கரை என்று இடங்களைப் பேர் சொல்லிப் பட்டியலிட்டது. வீட்டுக் கூடம் அப்பட்டியலில் பேர் பெறவில்லை. 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு சேர்ந்தபோதுதான், ஒரு பெண்ணை விடாமல் தொடர்புகொள்வது பின்தொடர்தல் என்ற தனிக் குற்றமானது. 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு. இதில் ஒரு நிபந்தனை உண்டு. விருப்பமில்லை என்பதை அந்தப் பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஆண் தொடர்ந்திருக்க வேண்டும். சட்டம் அவளைத் தெளிவாகச் சொல்லச் சொல்கிறது. வீடோ ஒரு வார்த்தையும் பேசாமல் போனை வைக்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறது.

செல்போன் வந்ததும் எண் தெரிந்தது, தொல்லை குறையவில்லை. 2003 மே மாதத்திலிருந்து உள்வரும் அழைப்புகள் இலவசமானபோது சாதாரணக் குடும்பங்களும் செல்போன் வாங்கின. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்த இலவசம் மலையேறும் வரைதான். கூடலூர், கம்பம், போடி பகுதிகளிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள் அவர்கள். குமுளியைத் தாண்டினால் கேரள வட்டம். தமிழ்நாட்டு சிம்முக்கு அங்கே ரோமிங். உள்ளே வரும் அழைப்புக்கும் காசு பிடித்தார்கள். 2017 வாக்கில்தான் நிறுவனங்கள் அதைக் கைவிட்டன. காய் பறிக்கும் கையை நிறுத்திவிட்டு எடுத்த ராங் நம்பருக்கு அவளுடைய கூலியிலிருந்தே காசு போனது.

எண்கள் எப்படி வெளியே போயின? ரீசார்ஜ் கடையில் நாலு பேர் கேட்க நம்பரைச் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகள் பெண்களின் எண்களை அவர்களுடைய தோற்றத்துக்கு ஏற்ப 50 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை விற்றதை 2017இல் இந்துஸ்தான் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. 2012 நவம்பரில் அம்மாநிலம் பெண்களுக்காகத் தொடங்கிய 1090 உதவி எண்ணுக்கு 2016 இறுதிவரை வந்த புகார்கள் 6 லட்சத்துக்கு மேல். பத்தில் ஒன்பது, தொலைபேசித் தொல்லை பற்றியவை. கேட்க ஓர் எண் இருந்தால் பெண்கள் சொல்லத் தயாராக இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்றைய மோசடி அழைப்பை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பர் 15இல் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குகளுக்கு மாதம் 1000 ரூபாய் வரத் தொடங்கியது. தங்கள் பேரில் பணம் வருவது அவர்களில் பலருக்கு அதுவே முதல்முறை. பணத்தின் பின்னாலேயே ஓடிபி கேட்கும் அழைப்புகளும் வந்தன. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அரசு எச்சரிக்க வேண்டியதாயிற்று. சந்தாதாரர் என்ற இடம் பெண்ணுக்குக் கிடைத்த உடனேயே அந்த இடத்தைக் குறிவைத்து மணி அடித்தது.

‘டிஜிட்டல் கைது’ இன்னும் கொடியது. போலீஸ், சிபிஐ, நீதிமன்றம் என்று சொல்லி வீடியோ அழைப்பில் வருகிறார்கள். கேமராவை அணைக்காதே, கதவைச் சாத்து, யாரிடமும் சொல்லாதே, சொன்னால் மானம் போகும் என்கிறார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. இதில் ஏமாறுகிறவர்களில் ஆண்களும் படித்தவர்களும் நிறைய. ஆனால் அந்தக் கட்டளைகளை மறுபடி வாசித்துப் பாருங்கள். மூச்சுவிடும் அழைப்பு வந்த நாட்களில் நம் வீடுகள் பெண்களுக்குச் சொன்னவை இவைதாம். அதிகாரக் குரலுக்கு அடங்கு, வெளியே தெரியாமல் பார்த்துக்கொள். மோசடிக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நாம் ஏற்கெனவே பழக்கி வைத்திருந்த வெட்கத்தை முதலாக்கிக்கொண்டான். இணையவழி மோசடிகளில் இந்தியர்கள் 2024இல் இழந்தது ஏறத்தாழ 22,845 கோடி ரூபாய் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

எதிர்முனையில் பேசுகிறவனும் எப்போதும் சுதந்திரமானவன் இல்லை. வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போய் கம்போடியாவிலும் மியான்மரிலும் அடைக்கப்பட்டு இந்த வேலையைச் செய்ய வைக்கப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு. மீட்டு வரப்பட்டவர்கள் சொல்லித்தான் நமக்கு அந்தக் கட்டடங்களின் கதை தெரியவந்தது.

ஏமாந்த பெண்ணுக்கு வீடு தரும் தீர்ப்பு மாறவில்லை. ‘ஒனக்கு எதுக்கு இனிமே டச்சு போனு?’ 2016இல் குஜராத்தின் சூரஜ் கிராமத்தில் திருமணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கவே தடை விதித்தார்கள். மீறினால் 2100 ரூபாய் அபராதம். போனைப் பிடுங்கினால் தொல்லை போகும் என்பது பழைய நம்பிக்கை. பணம் போன சில மணி நேரத்துக்குள் 1930 என்ற எண்ணுக்குச் சொன்னால்தான் அது அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பறப்பதைத் தடுக்க வாய்ப்பு அதிகம். ‘என்ன சொல்வாங்களோ’ என்று இரண்டு நாள் பயந்து ஒளித்த பிறகு அந்த வாய்ப்பு சுருங்கிவிடுகிறது. வெட்கத்துக்கு இப்போது ரூபாயிலும் விலை கொடுக்கிறோம்.

2025இல் அரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த எழுபது வயது கடந்த ஒரு பெண் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றத்தின் போலி உத்தரவுகளைக் காட்டி மிரட்டி, தானும் கணவரும் சேர்த்து வைத்த ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பறித்துவிட்டார்கள் என்று அதில் சொல்லியிருந்தார். அக்டோபரில் நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. டிசம்பரில் டிஜிட்டல் கைது வழக்குகளை சிபிஐ விசாரிக்கச் சொன்னது. நாடு முழுக்கப் பலருக்கு நடந்ததை ஒரு மூதாட்டி தன் பேரில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியதால் நகர்ந்த விஷயம் இது.

எல்லாராலும் டெல்லிக்குக் கடிதம் எழுத முடியாது. ஆனால் நம்மிடம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. 1989இல் தருமபுரியில் தொடங்கிய இயக்கம் இன்று எங்கள் ஊர்த் தெருக்கள் வரை வந்திருக்கிறது. சேமிப்புப் பணத்தை எண்ணி, தீர்மான நோட்டில் எழுதும் அந்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, ‘இந்த வாரம் யாருக்கு என்ன போன் வந்துச்சு மதினி?’ என்று கேட்டுக்கொள்ளலாம். கடன் தவணைக்காக மிரட்டியவன், வங்கி என்று ஓடிபி கேட்டவன், நடு இரவில் கூப்பிட்டவன் எல்லாரையும் தேதி, நேரம், எண்ணோடு அந்த நோட்டிலேயே எழுதி வைக்கலாம்.