கொல்லிமலை யாழும் கிட்டார் தந்தியும்

கொல்லிமலைக் காடு. வில்லிலிருந்து புறப்பட்ட ஒரே கணை யானையை வீழ்த்திற்று, புலியைச் சாய்த்தது, மானை உருட்டிற்று, பன்றியைத் துளைத்தது, இறுதியில் புற்றிலே கிடந்த உடும்பில் சென்று தைத்தது. வில்லாளன் இன்னான் என்று அறியாத புலவர் வன்பரணர், உடன் வந்த விறலியரை அழைக்கிறார். யாழைப் பண்ணமையுங்கள், முழவுக்கு மண் பூசுங்கள், பாடுவோம் என்கிறார். பாட்டிலே தன் பெயர் ஒலிக்கக் கேட்டு நாணி நிற்கிறான் வேடன். அவன்தான் வல்வில் ஓரி! புறநானூற்றின் 152ஆம் பாட்டு தீட்டிக் காட்டும் ஓவியம் இது.

அந்த மலையின் அடிவாரத்திலே, சேந்தமங்கலத்திலும் நாமக்கல்லிலும், ராசிபுரத்திலும் சேலத்திலும், இன்று இளைஞர் தோளிலே தொங்குவது யாழல்ல, கிட்டார். தவறா? தவறே அல்ல! கருவிக்குக் குலமுமில்லை, கோத்திரமுமில்லை. ஆனால், கிட்டார் கற்கும் இளைஞன் ஒருநாள் பாடநூலைப் புரட்டும்போது ‘லிடியன்’ என்றொரு சுரவரிசையைக் காண்கிறான். வாசித்துப் பார்க்கிறான், வியக்கிறான். எங்கேயோ கேட்ட குரல்! எங்கே கேட்டோம்? மாமன் வீட்டுத் திருமணப் பந்தலில், நாதசுரத்திலே கேட்டோம். கல்யாணி! மேலைநாட்டார் லிடியன் என்பதும் நம்மவர் கல்யாணி என்பதும், சுரங்களை எண்ணிப் பார்த்தால், ஒன்றே.

உடனே இரண்டு குரல்கள் எழும். “எல்லாம் வெள்ளைக்காரன் தந்தது” என்பது ஒன்று. “எல்லாம் எங்கள் பாட்டன் தந்தது, அவன் திருடிக்கொண்டான்” என்பது மற்றொன்று. முதற்குரல் அடிமை மனத்தின் முனகல். இரண்டாவது வெறும் பெருமையின் வீறாப்பு. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, வரலாறு என்ன சொல்கிறது என்று கேட்போம், தோழர்களே!

லிடியா என்பது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த பழைய நாடு. பழங்கிரேக்கர் அந்தப் பெயரால் குறித்தது வேறொரு வரிசையை. இடைக்காலத்துத் திருச்சபை இசைவாணர் அப்பெயரை எடுத்து, இந்த வரிசைக்குச் சூட்டிவிட்டனர். பெயர் சூட்டினரே தவிர, பேணினரா? இல்லை! இதன் உயிர்நிலை நான்காம் சுரம். அடிச்சுரத்திலிருந்து மூன்று முழு இடைவெளி தள்ளி நிற்கும் அந்தச் சுரம் காதைக் குத்துகிறது என்று அஞ்சினர். அதை அரைப்படி தாழ்த்திப் பாடினர். பிற்காலத்தில் அந்த இடைவெளிக்கு ‘இசைக்குள் சாத்தான்’ என்றே பட்டம் கட்டினர். தந்தியின் அதிர்விலே சாத்தான்! அதிர்வு எண்ணிக்கை ஒன்று ஏறினால் தேவன், ஒன்று இறங்கினால் பேய்! நகைப்பாக இருக்கிறதல்லவா?

அவசரப்பட்டு நகைக்கவேண்டாம், நம் வீட்டுக் கதையும் அதுவேதான். 17ஆம் நூற்றாண்டு, தஞ்சையில் நாயக்கர் ஆட்சி. 72 மேளங்களை வகுத்த வேங்கடமகி, தம் சதுர்தண்டிப் பிரகாசிகையிலே கல்யாணியைப் பற்றி என்ன எழுதினார்? கீதத்துக்கும் பிரபந்தத்துக்கும் ஏற்றதல்ல. துருக்கர்க்கு உகந்தது என்று ஒதுக்கினார்! அங்கே சாத்தான், இங்கே துருக்கன். அயலானைக் கண்டால் அஞ்சும் மனம், சுரத்துக்கும் சாதி கற்பித்தது. ஆனால் நடந்தது என்ன? தியாகராசர் கல்யாணியில் கீர்த்தனை இயற்றினார். சியாமா சாஸ்திரி இயற்றினார். ஒதுக்கப்பட்ட கல்யாணி மேடையிலே அரசியாக வீற்றிருக்கிறாள். ஏட்டிலே விலக்கியதை நாட்டிலே எவரும் விலக்கவில்லை!

இனி, பழந்தமிழர் கணக்கைப் பாருங்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களுக்கும் தமிழிலே பெயருண்டு. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலே ஏழு ஆயர் மகளிர்க்கு இவற்றையே பெயராக இட்டு வட்டமாக நிறுத்துகிறார் இளங்கோ. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்று எப்படிப் பிறக்கும்? தாரத்தில் உழை பிறக்கும். உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை பிறக்கும் என்பது பழைய விதி. ஒவ்வொரு படியும் ஐந்தாம் சுரத்துக்குத் தாவும் படி. தந்தியின் நீளத்தை மூன்று பங்காக்கி, இரண்டு பங்கை ஒலிக்கவிட்டால் கிடைப்பது இந்த ஐந்தாம் சுரம். மந்திரமல்ல, மாயமல்ல; முழக்கோல் கொண்டு அளந்து பார்க்கும் கணக்கு!

இந்தச் சங்கிலியின் முதற்கண்ணி தாரம். அந்தத் தாரத்தையே குரலாக, அதாவது அடிச்சுரமாகக் கொண்டு ஏழையும் அடுக்கினால் வருவது மேற்செம்பாலை. மேற்செம்பாலையே இன்றைய கல்யாணி என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். தஞ்சை மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’, ஈழத்து விபுலாநந்தர் 1947இல் தந்த ‘யாழ்நூல்’ ஆகிய இரண்டும், புதைந்து கிடந்த இந்தக் கணக்கைத் தோண்டி எடுத்த பேருழைப்பு.

கடல் கடந்து செல்வோம். 1953இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற கருப்பினத்து இசைவாணர் ஒரு நூல் வெளியிட்டார். காசநோயால் மருத்துவமனையிலே படுத்திருந்த காலத்தில் அவர் சிந்தித்த சிந்தனையின் விளைவு அது. அடிச்சுரத்திலிருந்து ஐந்தாம் சுரமாகத் தாவித் தாவிச் சென்றால் ஏழாவதாகக் கிடைப்பது உயர்ந்த நான்காம் சுரமே. ஆகவே லிடியனே இயல்பான தாய்வரிசை என்பது அவர் வாதம். ஜாஸ் இசையின் போக்கையே மாற்றிய நூல்களில் அது ஒன்று. இளங்கோவை அவர் பார்த்து எழுதினாரா? அப்படிச் சொல்வது அறியாமை. கணக்கு எல்லார்க்கும் பொது. மூன்றில் இரண்டு, மதுரையிலும் மூன்றில் இரண்டுதான். நியூயார்க்கிலும் மூன்றில் இரண்டுதான்.

இனிக் கருவியைக் கையில் எடுங்கள். கிட்டாரில் ஒரே ஒரு தந்தி போதும். விரல் வைக்காத தந்தி ‘ச’. பிறகு 2, 4, 6, 7, 9, 11, 12 ஆகிய மெட்டுகளில் விரல் வைத்து மீட்டுங்கள், கல்யாணி ஏறிவிட்டது. 6க்குப் பதில் 5ஆம் மெட்டைத் தொட்டால் அது சங்கராபரணம். ஒரு மெட்டு, ஒரே மெட்டு, உலகமே மாறுகிறது! தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டரானால், 7ஆம் மெட்டிலிருந்து தந்தி தங்கும் கட்டை வரை ஏறக்குறைய 43.3 சென்டிமீட்டர். மூன்றில் இரண்டு பங்கு! நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

கற்பவர் பலரும் சறுக்கும் இடமொன்று உண்டு. விரல் சரியான மெட்டுகளிலே செல்லும். காதோ வேறொரு சுரத்தை வீடாக எண்ணிக்கொள்ளும். அப்போது லிடியன் மறைந்து, பழகிய சங்கராபரணமே கேட்கும். மருந்து என்ன? தடித்த தந்தி ஒன்றைக் கட்டைவிரலால் இடைவிடாது ஒலிக்கவிட்டு, அதையே அடிச்சுரமாகக் கொள்ளுங்கள். தம்புரா செய்யும் வேலை அதுதான். மேலைநாட்டு முறையில் துணை வேண்டுமா? அடிச்சுரத்தின் பெருங்கூட்டொலியையும், அதற்கு இரண்டு மெட்டு மேலுள்ள பெருங்கூட்டொலியையும் மாற்றி மாற்றி மீட்டுங்கள். ரி, உயர்ந்த ம, த மூன்றும் கூடி நிற்கும் அந்த இரண்டாவது கூட்டிலே லிடியனின் முகம் தெளிவாகத் தெரியும். ஆனால் சுரவரிசை எலும்புக்கூடு. கல்யாணி உயிருள்ள உடல். மத்திமம் பஞ்சமத்தை நோக்கி அசையும் அசைவும், ச, ப இரண்டையும் தாண்டிச் செல்லும் நடையும் கேட்டுக் கேட்டே வரவேண்டும். அதற்கு நாதசுரக்காரரே நல்லாசான்.

அந்த நாதசுரக்காரரை நாம் எப்படி நடத்தினோம்? மேல்துண்டைத் தோளில் போடாதே, இடுப்பிலே கட்டு என்று இந்த நாடு அவரைப் பார்த்துச் சொன்ன காலமுண்டு! கல்யாணியைக் காதால் பருகினோம்; ஊதியவனைக் கண்ணால் இகழ்ந்தோம். ஓரி முன் யாழ் மீட்டிய பாணர் எங்கே? பொன்னும் மணியும் பெற்ற அந்தக் குலம் பிற்காலத்தில் தாழ்த்தப்பட்டது, யாழும் வழக்கொழிந்தது. விபுலாநந்தர் ஏடு தேடித் தேடி அதன் வடிவத்தை மீட்க வேண்டியிருந்தது. கலைஞனைக் கீழே தள்ளிய சமுதாயம் கலையை மேலே வைத்திருக்க முடியாது. வரலாறு தரும் பாடம் இது.

ஆகவே, சேலத்துச் சமவெளி இளைஞனே, கிட்டாரைத் தாழ்வு மனத்தோடும் தூக்காதே, தலைக்கனத்தோடும் தூக்காதே. சாத்தான் என்றவனும் தோற்றான். துருக்கன் என்றவனும் தோற்றான். அளந்து பார்த்தவன் வென்றான். 6ஆம் மெட்டில் விரலை வை. உன் பக்கத்துத் தெருவில் நாதசுரம் ஊதும் பெரியவரைத் தேடிப் போ. அவருக்குச் சரியாசனம் இட்டு, அசைவு எப்படி என்று கேள். அவர் ஊதட்டும், நீ மீட்டு. ஓரியின் மலை மீண்டும் கேட்கட்டும்!