கும்பினியின் ஏடுகளும் கரிசல் நாட்டின் எதிர்ப்பும்: 1801ஆம் ஆண்டுப் போரில் உடன்படிக்கையும் அறிக்கையும்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் தென்தமிழகப் பாளையங்களுக்கும் இடையே 1801ஆம் ஆண்டு நிகழ்ந்த போர், பெரும்பாலும் கோட்டை முற்றுகைகளின் வரிசையாகவும் தூக்குமரங்களின் கணக்காகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பாஞ்சாலங்குறிச்சியின் மண்சுவரும் காளையார்கோவில் காடும் அவ்வரலாற்றில் பெற்றிருக்கும் இடத்தை, அதே ஆண்டில் எழுதி ஒட்டப்பட்ட அறிக்கைகளும் கையொப்பமான உடன்படிக்கைகளும் பெறவில்லை. பாளையங்களை உடன்படிக்கை செய்துகொள்ளத் தகுதியுள்ள ஆட்சியாளர் நிலையிலிருந்து இறக்கி, தண்டனைக்குரிய கிளர்ச்சியாளர் நிலைக்குக் கொண்டுவருவதே கும்பினியின் இருபதாண்டு இராஜதந்திரத்தின் நோக்கம் என்பதும், தென்னாட்டார் அந்நோக்கத்தை நன்கு உணர்ந்து அதே தளத்தில் விடையிறுத்தனர் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இவ்வாதத்திற்கு நிலம் முதற்சான்று. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடியைச் சுற்றியுள்ள வானம் பார்த்த கரிசல் பூமி இருவேறு அரசியல் உலகங்களின் எல்லையாக விளங்கியது. தெற்கே நாகலாபுரம், எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி என்னும் தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள் இருந்தன. கிழக்கே திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் எனக் குண்டாற்றுப் பகுதி சேதுபதிகளின் மறவர் சீமையாக விரிந்தது. கண்மாய் நீரை நம்பிய இவ்வூர்களைக் கடக்கும் எந்தப் படைக்கும் தண்ணீரும் தானியமும் வழிகாட்டியும் ஊரார் தயவால்தான் கிடைக்கும். இங்கு அரசதிகாரம் என்பது பெரும்பாலும் காவல் உரிமையே. அதாவது ஊர்களையும் வழிகளையும் பயிரையும் காப்பதற்கு ஈடாகப் பாளையக்காரரும் அவர்தம் ஆட்களும் ஊராரிடம் பெற்ற பங்கே அவ்வதிகாரத்தின் அடிப்படை. தலங்காவல் என்றும் தேசகாவல் என்றும் வழங்கிய இவ்வுரிமைகள் கும்பினியின் கணக்கேடுகளில் சட்டத்திற்குப் புறம்பான வசூல் என்று பதிவானபோதே மோதல் தொடங்கிவிட்டது.

கும்பினி இந்நாட்டினுள் வந்த வழியும் எழுத்தின் வழியே. மைசூர்ப் போர்களுக்குப் பணம் தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியிடமிருந்து ஓர் உரிமை கைமாறியது. 1781இல் வருவாய் வசூல் கும்பினியிடம் ஒப்படைக்கப்பட்டது; 1785இல் திரும்பத் தரப்பட்டது; 1790இல் திப்புவுடன் போர் மூண்டபோது மீண்டும் பறிக்கப்பட்டது; 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையோ பாளையக்காரர் செலுத்தும் பேஷ்குஷை, அதாவது கப்பத்தை, நவாபின் பெயரால் கும்பினியே வசூலிக்கும் என்று நிலைநாட்டியது. பாளையக்காரர் எவரும் இவற்றில் கையொப்பமிடவில்லை. அவர்களைக் கேட்டவரும் இல்லை. நவாபுக்கே முழுதும் உரித்தாகாத ஒன்றை நவாபிடமிருந்து பெற்றுக்கொண்டு, பெற்றதை எதிர்ப்பவரைக் கலகக்காரர் என்று அழைக்கும் உத்தி இங்குதான் உருவாயிற்று.

பாளையங்கள் இதற்கு முன் அயல் அரசுகளுடன் தாமாகவே பேச்சு நடத்தியவை என்பதைக் கும்பினியார் நன்கறிவர். 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின் அவர் மனைவி வேலுநாச்சியார் விருப்பாட்சியில் தங்கி, பிரதானி தாண்டவராய பிள்ளையின் துணையுடன் ஹைதர் அலியிடம் படை உதவி கோரி, 1780இல் சிவகங்கையை மீட்டார். 1783இல் கர்னல் ஃபுல்லார்டன் பாஞ்சாலங்குறிச்சியைக் கைப்பற்றியபோது, இலங்கையிலிருந்த டச்சு ஆளுநருக்கும் கட்டபொம்ம நாயக்கருக்கும் இடையிலான உடன்படிக்கையின் மூலப்படியே கோட்டைக்குள் கிடைத்தது. ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போரின் பிளவைத் தூத்துக்குடிக் கரையிலிருந்து கணித்துப் பயன்படுத்திய பாளையக்காரரை, ஏதுமறியாக் குழுத்தலைவர் என்று சித்திரிப்பது சான்றுக்கு முரணானது.

1795இல் இராமநாதபுரத்தின் முத்துராமலிங்க சேதுபதி கும்பினியால் பதவி நீக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1799இல், கும்பினிப் படைகள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திரண்டிருந்த வேளையில், சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதி ஊர்கள் எழுந்தன. அவ்வெழுச்சி சில வாரங்களில் ஒடுக்கப்பட்டது. அதே ஆண்டு பாஞ்சாலங்குறிச்சியை விட்டு வெளியேறிய அதன் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனைப் பிடித்துத் தந்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் ஏனைய பாளையக்காரரைக் கூட்டி நிறுத்தி, அவர்கள் கண்முன்னே மேஜர் பானர்மேன் அவரைத் தூக்கிலிட்டார். தண்டனையைப் பார்க்க வரவழைக்கப்பட்டவர்களுக்கு அது ஒரு தூதுச் செய்தி: இனி உங்களுடன் பேச்சு இல்லை, கட்டளை மட்டுமே உண்டு.

இந்நிலையை மாற்றியது 1801இல் நிகழ்ந்த எல்லை தாண்டல். பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களில் மண்ணால் மீண்டும் எழுப்பி, மார்ச் இறுதியில் மேஜர் மெக்காலேயின் தாக்குதலை முறியடித்தார். மே 24 அன்று கர்னல் அக்னியூவின் பெரும்படை கோட்டையைக் கைப்பற்றவே, எஞ்சியோர் வடக்கு நோக்கி மறவர் சீமைக்குள் புகுந்து சிவகங்கையின் மருது சகோதரரிடம் அடைக்கலம் பெற்றனர். அவர்களைத் தொடர்ந்து கும்பினிப் படை நாகலாபுரம் வழியாகத் திருப்புவனம் சென்றது. இடையில் கிடப்பது பந்தல்குடி, திருச்சுழிக் கரிசல்காடே. ஒரு நூற்றாண்டாக ஒன்றையொன்று ஐயத்துடன் நோக்கிய நாயக்கர் பாளையமும் மறவர் சீமையும் இந்த வறண்ட வழியில் கைகோத்தன. அடைக்கலம் புகுந்தவரை ஒப்படைக்குமாறு கும்பினி கோரியபோது மருதுவின் மறுப்பே போர் அறிவிப்பாயிற்று.

ஜூன் 16 அன்று சகோதரருள் இளையவரான சின்ன மருது வெளியிட்டுத் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயிலிலும் ஒட்டப்பெற்ற அறிக்கை இப்பின்னணியில் படிக்கத்தக்கது. ஜம்புத்தீவின் அனைத்துச் சாதியாரையும் முஸ்லிம்களையும் விளித்துத் தொடங்கும் அவ்வறிக்கை, வெறும் போர் முழக்கமாக நில்லாமல் ஓர் உரிமை வாதத்தை முன்வைக்கிறது. நவாப் முகமது அலி அறியாமையால் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தார் என்றும், அவர்கள் நம்பிக்கையை மீறி நாட்டைத் தமதாக்கிக்கொண்டனர் என்றும் குற்றஞ்சாட்டி, ஆர்க்காடு, மதுரை, தஞ்சை முதலிய அரசுகள் அவரவர் மரபுரிமையாளருக்கே திரும்ப வேண்டும் என்று கோருகிறது. நவாபின் ஒப்பந்தங்கள் மீது கட்டப்பட்ட கும்பினி அதிகாரத்தின் கடைக்காலையே தகர்க்கும் வாதம் இது. இதனினும் கூர்மையானது, கும்பினிப் படையில் பணியாற்றும் சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் ஆகியோரை நேரே விளித்து ஆயுதம் ஏந்த அழைத்த பகுதி. அயலார் படையின் பெரும்பகுதி உள்ளூர் மக்களால் ஆனது என்ற உண்மையை உணர்ந்து, அப்படையையே பிளக்க முயன்ற எழுத்து அது.

கும்பினியின் விடை தாமதமின்றி வந்தது. ஜூலை 6 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட எதிரறிக்கை, மருதுவின் ஆட்சியுரிமையையே மறுத்து, அவரை விட்டு விலகுவோருக்கு மன்னிப்பு என்றது. ஜூலை 15 அன்று நவாப் உம்தத்துல் உம்ரா இறக்க, திப்புவுடன் இரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டைக் காரணமாகக் காட்டி, அஸீமுத்தௌலா என்பவரை நவாபாக ஏற்று, ஜூலை 31 அன்று கர்நாடகத்தின் முழு நிர்வாகத்தையும் கும்பினி எழுதி வாங்கியது. நவாபுக்கு எஞ்சியது வருவாயில் ஐந்திலொரு பங்கு. மருதுவின் அறிக்கை எந்த நவாபின் உரிமையைச் சுட்டியதோ, அவ்வுரிமையே ஆறரை வாரத்திற்குள் ஏட்டிலிருந்து அழிக்கப்பட்டது.

களத்திலோ நிலைமை வேறு. மருதுவின் ஊரான சிறுவயலை ஊராரே தீயிட்டுவிட்டு வெளியேற, அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்க ஒரு மாதம் முயன்ற அக்னியூ, செப்டம்பர் தொடக்கத்தில் அம்முயற்சியைக் கைவிட்டுப் பின்வாங்கினார். துப்பாக்கியும் கோடரியும் செய்யாததை அரசுரிமை செய்தது. செப்டம்பர் 12 அன்று சோழபுரத்தில் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கையின் உரிமையாளராகக் கும்பினி முடிசூட்டியது; மருதுவின் பின்னால் நின்ற மறவருள் பலர் அரசகுல வாரிசுப் பக்கம் சாய்ந்தனர். மூன்று வாரத்திற்குள், அக்டோபர் 1 அன்று, காளையார்கோவில் விழுந்தது.

மருது சகோதரர் அரச குலத்தவரல்லர், சேர்வைக்காரராயிருந்து அதிகாரம் பெற்றவர் என்பதால் கும்பினியின் தேர்வு நியாயமானதே என்று சிலர் வாதிடக்கூடும். மரபுரிமையின் மீது கும்பினிக்கு அவ்வளவு பற்று இருந்திருப்பின், 1795இல் சேதுபதியைச் சிறையிட்டிருக்காது. மரபுரிமை அதற்கு வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது வைக்கும் கருவியாகவே இருந்தது. மறுபுறம், இப்போரை இந்தியாவின் முதல் விடுதலைப் போர் என்று 1971இல் கே. ராஜய்யன் மதிப்பிட்டதும் விவாதத்திற்குரியதே. அறிக்கை வேண்டுவது பழைய அரசுகளின் மீட்சியை. தேச அரசு என்ற இக்காலக் கருத்து அதில் இல்லை. ஆயினும் சாதி, சமய, மொழி எல்லைகளைத் தாண்டி மக்களை ஒருமிக்க விளித்த அதன் துணிவை அந்த வரையறை குறைத்துவிடாது.

அக்டோபர் 24 அன்று மருது சகோதரர் திருப்பத்தூரிலும், நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1ஆம் நாள் கிளைவ் வெளியிட்ட அறிக்கை பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. 1803இல் பாளையங்கள் சனது என்னும் உரிமைப் பத்திரம் பெற்ற ஜமீன்களாயின. காவல் உரிமையை இழந்த குடிகளின் வழிவந்தோரை 20ஆம் நூற்றாண்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறவிக் குற்றவாளிகள் என்று பெயர் எழுதி வைத்தது. 1801இன் ஏடுகளில் தொடங்கிய பெயரிடலின் தொடர்ச்சி அது. போர் முடிந்த கையோடு, 1802 பிப்ரவரி 11 அன்று, தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்னும் கப்பல் 73 கைதிகளைப் பினாங்குக்கு ஏற்றிச் சென்றது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களுள் ஒருவர். அவருக்கு அப்போது வயது 15.