சேகரிப்பும் படத்தட்டும்

அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் உள்ளிட்ட தென்னிந்தியக் கடற்படிவப் பாறைகளில் கேய், கன்லிஃப் ஆகியோர் திரட்டிய புதைபடிவங்களை, அதாவது கல்லாகி எஞ்சிய பண்டைய உயிர்களை, எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் விவரித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1861 முதல் 1873 வரை வெளியிட்ட தென்னிந்தியக் கிரெட்டேசியக் கால உயிரினத் தொகுதிகளின் பெரும்பகுதியை எழுதிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, தம் விவரிப்புகளோடு கல்லச்சில் அமைந்த படத்தட்டுகளையும், அதாவது பல மாதிரிகளை ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்திய படப்பக்கங்களையும், இணைத்தார்.

அம்மோனைட் எனும் சுருள் ஓட்டின் மீது ஒளி நேராக விழுந்தால் அதன் விலாவரிகள் தட்டையாகத் தோன்றும் என்பதால், மேல் இடப்புறத்திலிருந்து ஒளி விழுமாறு காட்டுவது இத்தகைய படங்களில் மரபாயிற்று. நிழற்படக் கருவி வந்த பின்னரும் அது நிலைத்ததோடு, கல்லின் நிறக்கறைகள் வடிவத்தை மறைக்காதிருக்க அம்மோனியம் குளோரைடு புகையால் மெல்லிய வெண்படலம் பூசும் முறையும் சேர்ந்துகொண்டது.

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் காலணித் தொழில் வேரூன்றியுள்ள இக்காலத்தில், தம் ஸ்னீக்கர் சேகரிப்பைப் படமெடுப்போர் தையல்வரியும் அடித்தடமும் துலங்கப் பக்கவொளியை நாடும்போது, இம்மண்ணின் கற்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வேண்டிநின்ற அதே கவனத்தையே பொருளுக்கு அளிக்கின்றனர்.